கணக்கே பிணை!

திருமண வீட்டிலே இன்று யார் சொல்வதை யார் கேட்கிறார்கள்? பெண்ணைப் பெற்றவர் சொல்வதை மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொல்வதைச் சமையற்காரர் கேட்பதில்லை. புரோகிதர் சொல்லும் மந்திரத்தையோ, எவருமே கேட்பதில்லை! ஆனால், ஒரே ஒருவர் வாய் திறந்தால் மண்டபமே கேட்கிறது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறார் அவர். மிராசுதார் தள்ளி நிற்கிறார். "தலையை நிமிர்த்துங்க" என்கிறார். மாவட்டத்துப் பெரும் புள்ளி தலையை நிமிர்த்துகிறார். "சிரிங்க" என்கிறார், சீர்வரிசை போதவில்லையென்று சீறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள்கூடச் சிரிக்கிறார்!

காமிரா பிடித்த கைக்கு அப்படியொரு அதிகாரம். அந்தக் கை யாருடைய கை என்று அந்த நேரத்தில் எவரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தஞ்சைத் தரணியின் ஒரு சிற்றூரில், பண்ணையார் வீட்டுத் திருமண ஊர்வலத்துக்குத் தெருவிலே மாற்றுத் துணி விரித்துவிட்டு, ஊர்வலம் வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றாரே ஒரு சலவைத் தொழிலாளி, அவருடைய பேரனின் கை அது. பாட்டன் விரித்த துணிமீது நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளை, "இங்கே பாருங்க, அசையாமல் நில்லுங்க" என்று நிறுத்தி வைக்கிறான் இந்தப் பேரன். இரண்டு தலைமுறையில் நடந்த இந்த மாற்றத்தை மேடை போட்டு முழங்கத் தோன்றுகிறது நமக்கு.

முழங்குவதற்கு முன்பு அந்தத் தம்பியே நம்மிடம் வந்துவிட்டான், கையிலே ஒரு தாளோடும், கண்ணிலே கலக்கத்தோடும்!

"அண்ணே, எட்டு வருஷமா மத்தவங்களுக்குப் படம் எடுக்கிறேன். சொந்தமா ஒரு ஸ்டூடியோ வைக்கணும். வங்கியில ஐந்து லட்சம் கேட்டேன். வீட்டுப் பட்டாவைக் கொண்டுவான்னு சொல்றாங்க. பட்டா இருந்தா நான் ஏன் அண்ணே கடன் கேட்கப் போறேன்?"

அவன் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லவில்லை நாம். தாளை வாங்கிப் பார்த்தோம். பார்த்த பிறகு, வங்கி மேலாளர்மீது நமக்கு எழுந்த கோபத்தில் ஒரு பங்கைத் தம்பிமீதும் திருப்ப வேண்டியதாயிற்று. ஏன் என்கிறீர்களா? இதோ, தாளில் இருந்தது:

கடைக்கு அட்வான்ஸ் 1,50,000 ரூபாய். கண்ணாடி முகப்பு, குளிர்சாதனம், கூரை அலங்காரம் 3,00,000. புத்தம் புதிய காமிரா இரண்டு, லென்சுகளுடன் 4,50,000. விளக்குகள் 80,000. கணினியும் பிரிண்டரும் 1,60,000. திறப்பு விழா 60,000! ஆக மொத்தம் 12 லட்சம்.

பணம் எங்கிருந்து? கையிருப்பு 1 லட்சம். அக்காள் நகையை அடகு வைத்து 2 லட்சம். காமிராக் கடையில் தவணைக் கடன் 4 லட்சம். வங்கி கைவிட்டதால், கடைத்தெருவிலே ஒரு 'வள்ளலிடம்' 3 ரூபாய் வட்டிக்கு 5 லட்சம்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முதல் மாத வாடகைக்கு ஒரு வரி இல்லை. மின்கட்டணத்துக்கு ஒரு வரி இல்லை. உதவியாளின் சம்பளத்துக்கு இல்லை. தம்பியின் வீட்டு அடுப்பு எரிவதற்கும் இல்லை. திறப்பு விழாவுக்கு மட்டும் 60,000 இருந்தது! கடை திறப்பதற்குத் திட்டம் இருந்தது. திறந்த கடையை மூடாமல் காப்பதற்குத் திட்டம் இல்லை.

முதலில் அந்த 3 ரூபாய் வட்டியை எடுத்துக்கொள்வோம். 'மூன்றே ரூபாய்தானே' என்று காதுக்கு இனிக்கிறது. நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 36 ரூபாய். 5 லட்சத்துக்கு மாதம் 15,000. ஆண்டுக்கு 1,80,000. இவ்வளவும் கட்டிய பிறகு அசல் எவ்வளவு குறைந்திருக்கும்? ஒரு காசுகூடக் குறைந்திருக்காது! மூன்றாண்டு முடிவதற்குள், வாங்கிய 5 லட்சத்தைவிட அதிகமாக வட்டியே கட்டியிருப்பான். அப்போதும், "தம்பி, அசல் எப்போது?" என்று அந்த வள்ளல் வாசலிலே வந்து நிற்பார்.

அதே 5 லட்சத்தை வங்கி கொடுத்திருந்தால்? வட்டி ஆண்டுக்கு 11 விழுக்காடு, தவணை 5 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,900. அதில் அசலும் அடக்கம், வட்டியும் அடக்கம். ஐந்தாண்டு முடிவில் கடன் தீர்ந்துவிடும். கட்டிய மொத்த வட்டி ஏறத்தாழ ஒன்றரை லட்சம். கடைத்தெரு வள்ளலிடமோ, பத்தே மாதத்தில் அந்த ஒன்றரை லட்சம் போய்விடும். அங்கே ஐந்தாண்டு வட்டி, இங்கே பத்து மாத வட்டி! இந்த ஒரு வரியை ஊருக்கு ஊர் சுவரிலே எழுதி வைக்கலாம்.

தண்டல், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று ஏழையின் குரல்வளையை நெரிக்கும் கயிறுகளுக்கு எத்தனை பெயர்கள்! 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலே இவற்றைத் தடை செய்து சட்டமே இயற்றப்பட்டது. ஆனால், சட்டம் போட்டுக் கதவை அடைத்தால் போதுமா? உள்ளே இருப்பவன் போவதற்கு வேறு கதவு திறந்திருக்க வேண்டாமா? வங்கியின் கதவு திறக்காத ஊரிலே, வட்டிக்கடைக் கதவு எப்படி மூடும்? கேட்கிறோம்.

அந்த வங்கிக் கதவு பற்றி வருவோம். வங்கிகள் யாருடையவை? 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980இல் இன்னும் ஆறு சேர்ந்தன. சீமான்களின் பணம் சீமான்களுக்கே கடனாகச் சென்ற நிலை மாறி, உழவனுக்கும் கைவினைஞனுக்கும் சிறு கடைக்காரனுக்கும் கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தானே அது நடந்தது? பின்பு 2010ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி, குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கொடுக்கும் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கவே கூடாது என்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. அப்படிக் கொடுத்த கடன் திரும்பாமற் போனால் வங்கிக்கு ஈடு செய்வதற்கென்றே 2000ஆம் ஆண்டிலிருந்து ஓர் உத்தரவாத நிதியமும் இருக்கிறது. 2015இல் வந்த முத்ரா திட்டமும் பிணையில்லாக் கடன் திட்டமே. 50,000 வரை ஒரு படி, 5 லட்சம் வரை ஒரு படி, 10 லட்சம் வரை ஒரு படி என்று படிப்படியாக வகுத்தார்கள்.

ஆணை இருக்கிறது, நிதியம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது. இருந்தும் நம் தம்பி கேட்ட 5 லட்சத்துக்கு, "பட்டா எங்கே?" என்கிறது மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் குரல்!

பட்டா கேட்பதன் பொருள் என்ன? உன் பாட்டன் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று கேட்பதுதானே? பாட்டனுக்கு நிலம் வைத்துக்கொள்ள வழியே இல்லாமற் செய்த நாடு இது. அவனுக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் வெள்ளாவியும், கழுதையும், ஆற்றங்கரைக் கல்லும். தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்த குடும்பத்துப் பிள்ளைக்கு, மாமன் ஜாமீன் நிற்பான், சித்தப்பன் சரக்கு கொடுப்பான், சாதிச் சங்கம் முதல் கொடுக்கும். சலவைத் தொழிலாளியின் பேரனுக்கு யார் ஜாமீன்? பிணை கேட்பது பாட்டன் சொத்தைக் கேட்பது. திட்டம் கேட்பது பேரன் மூளையைக் கேட்பது. ஒரு மக்களாட்சியின் வங்கி எதைக் கேட்க வேண்டும்?

அதனால்தான் தம்பிமீது கோபம் வந்தது என்றோம். மூளையைக் கேட்கச் சொல்லி நாம் வாதாடப் போகிற நேரத்திலே, திறப்பு விழாவுக்கு 60,000 என்ற தாளையா நீட்டுவது? "உன் கணக்குத்தான் உன் பிணை, தம்பி. பட்டா இல்லாதவனின் கணக்கு, பட்டா இருப்பவனின் கணக்கைவிடப் பத்து மடங்கு சுத்தமாக இருக்க வேண்டும்" என்றோம். அன்று மாலை தொடங்கி இரவு பதினொரு மணிவரை, இரண்டு பேருமாக உட்கார்ந்து தாளைத் திருத்தினோம்.

திருத்திய தாள் இதுதான். இதே கனவோடு இருக்கும் மற்றத் தம்பி, தங்கைகளுக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே தருகிறோம். ஊருக்கு ஊர் விலை வேறுபடும். கணக்குப் போடும் முறை வேறுபடாது.

புதிய காமிரா ஒன்றே ஒன்று, லென்ஸ் இரண்டு, 1,60,000. விளக்கு, குடை, தாங்கி, பின்திரை 50,000. கணினி 80,000. பிரிண்டரும் லேமினேஷன் எந்திரமும் 70,000. சுவர்ப் பூச்சும் மின் இணைப்பு வேலையும் 40,000. நடைமுறைச் செலவுக்குக் கையிருப்பு 1,00,000. இந்த 5 லட்சம் வங்கியிடம் கேட்பது. பிரதான சாலையை விட்டுப் பக்கத்துத் தெருவில் மாடிக் கடைக்கு அட்வான்ஸ் 60,000. பழைய காமிரா ஒன்று 40,000. இந்த 1 லட்சம் தம்பியின் சேமிப்பு. மொத்தம் 6 லட்சம். அக்காள் நகை அக்காள் கழுத்திலேயே இருக்கட்டும்!

பழைய காமிராவை ஏன் சொந்தப் பணத்தில் போட்டோம்? எந்திரம் வாங்கக் கொடுக்கும் பணத்தை வங்கி பெரும்பாலும் கடன்காரன் கையில் தருவதில்லை. கடைக்காரர் கொடுக்கும் கொட்டேஷனைப் பார்த்து, அந்தக் கடைக்கே அனுப்புகிறது. பழைய காமிராவை விற்கும் நண்பர் எந்தக் கொட்டேஷனைத் தருவார்? கொட்டேஷன் உள்ளவற்றுக்கு வங்கிப் பணம், இல்லாதவற்றுக்குச் சொந்தப் பணம் என்று பிரித்துக்கொண்டால் சிக்கல் இல்லை. அந்த இரண்டாவது காமிராவும் ஆடம்பரமல்ல. தாலி கட்டும் நேரத்தில் காமிரா நின்றுபோனால், "இன்னொரு முறை கட்டுங்க" என்று சொல்ல முடியுமா?

அடுத்தது மாதக் கணக்கு. கடை வாடகை 6,000. மின்கட்டணம் 2,500. உதவியாளுக்கு 10,000. இணையம், தொலைபேசி, சில்லறை 1,500. வங்கித் தவணை 10,900. தம்பியின் குடும்பச் செலவுக்கு 15,000. ஆகக்கூடி 45,900. இதோடு இன்னொரு 4,100 சேர்த்து 50,000 ஆக்கினோம்.

"அந்த 4,100 எதுக்கு அண்ணே?" என்றான்.

"அது காமிராவின் சாவுக்கு" என்றோம்.

சிரித்தான். நாம் சிரிக்கவில்லை. நீலகிரி மலையிலே, உதகமண்டலத்திலே, ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே உருவான 'இந்து' பிலிம் சுருள் ஏறாத ஸ்டூடியோவைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்றிருந்தது ஒரு காலம். கறுப்பு வெள்ளைக்குப் பின் வண்ணம் வந்தது. வண்ணத்துக்குப் பின் சுருளே இல்லாத காமிரா வந்தது. மலைமேல் இருந்த தொழிற்சாலை மங்கியது, நலிந்தது, மூடப்பட்டது. சரி, அது அரசு நிறுவனம் என்பார்கள். அமெரிக்காவின் கோடாக் என்ன ஆயிற்று? 1975இலேயே டிஜிட்டல் காமிராவை முதன்முதல் செய்து பார்த்தவர், அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன். செய்தது அவர்கள், வீழ்ந்ததும் அவர்களே! 2012 ஜனவரியில் திவாலாகிப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தின் படியேறியது கோடாக்.

மலையும் சாய்கிற தொழிலிலே, மாடிக் கடைக்காரன் எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா? மாதம் 4,100 என்றால் ஐந்தாண்டில் 2,46,000. அடுத்த காமிராவைக் கடனில்லாமல் வாங்கலாம். அதே காரணத்தால்தான் தவணையையும் ஐந்தாண்டோடு நிறுத்தினோம். ஏழாண்டு என்றால் மாதத் தவணை குறையுமே என்று ஆசை காட்டுவார்கள். காமிரா செத்த பிறகும் அதன் கடன் உயிரோடிருந்தால், பிணத்துக்குத் தவணை கட்டுவதாகாதா?

மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 6 லட்சம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 2,000. தாள், ஆல்பம், பயணம் எல்லாச் செலவும் போக, இவ்வளவு நிற்க வேண்டும். எங்கிருந்து வரும்?

பாஸ்போர்ட் அளவுப் படத்திலிருந்து என்றான் தம்பி. முன்பு வந்தது, உண்மை. இன்றோ, ஆதார் எடுக்கும் இடத்திலேயே படம் பிடித்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சேவை மையத்திலும் அப்படியே. ஓட்டுநர் உரிமத்துக்கும் அப்படியே. பள்ளிக்கூடம், தேர்வு, வேலை விண்ணப்பம் என்று மிச்சமிருப்பதை நம்பலாம். அதையே முழுதும் நம்பக் கூடாது. ஆகவே இப்படி எழுதினோம்: கடைக்கு நடந்து வரும் வேலையில், செலவு போக நாளொன்றுக்கு 600; ஆண்டில் 300 நாளுக்கு 1,80,000. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பிறந்த நாள் போன்ற சிறு விழாக்கள் 30. ஒன்றுக்கு 4,000 நின்றால் 1,20,000. திருமணம் 15, ஆல்பச் செலவும் உதவிக்கு வருபவர் கூலியும் போக, ஒன்றுக்கு 20,000 நின்றால் 3,00,000. கூட்டினால் 6 லட்சம். இந்த எட்டாண்டிலே தம்பி வேலை பார்த்த திருமணங்கள் ஆண்டுக்கு எத்தனை என்று அவனுடைய பழைய நாட்குறிப்பை எடுத்து எண்ணச் சொன்னோம். எண்ணிப் பார்த்துத்தான் 15 என்று எழுதினோம். ஆசையைக் கேட்டிருந்தால் 40 என்று எழுதியிருக்கும்!

இங்கே ஒரு வேடிக்கை. நமக்கு இராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. ஆடி ஆகாது, மார்கழி கூடாது என்ற பஞ்சாங்கப் பேச்சில் நம்பிக்கை இல்லை. 1967இல் அண்ணாவின் ஆட்சி, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்புத் தரும் முடிவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அந்த மணமேடைக்கு எல்லா நாளும் நன்னாளே. ஆனால், ஊர் இன்னும் அங்கே முழுதும் வந்து சேரவில்லையே! ஆடியிலே திருமணம் இல்லை. மார்கழியிலே இல்லை. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. பகுத்தறிவாளன் பஞ்சாங்கத்தை நம்ப வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தை நம்புகிற ஊரில் கடை வைத்தால், அதையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். நம்பிக்கை வேறு, வாடிக்கை வேறு.

அந்த மூன்று மாதத்திலும் திருமணமும் விழாவும் இல்லையென்றே வைத்தால், கடை வருமானம் மாதம் 15,000. செலவோ 50,000. பற்றாக்குறை மாதம் 35,000. மூன்று மாதத்துக்கு 1,05,000. கையிருப்பு 1 லட்சம் என்று ஏன் எழுதினோம் என்பது இப்போது விளங்கும். அந்தப் பணம் இல்லாதவனைத்தான் கந்து வட்டிக்காரர் ஆடி மாதத்திலே வந்து 'காப்பாற்றுகிறார்'. தள்ளுபடி என்று கூவி ஊர்ச் சந்தையில் துணி விற்கும் அதே ஆடியிலே, ஸ்டூடியோக்காரனின் மானமும் விலைக்கு வருகிறது!

ஆகவே கடையை ஆனியில் திறக்காதே, தையில் திற என்றோம். இது நல்ல நேரம் பார்த்தல்ல, நடக்கும் வியாபாரம் பார்த்து! முதல் தவணைக்குச் சில மாத இடைவெளியும் வங்கியிடம் கேட்டுப் பெறலாம். வறண்ட மாதங்களுக்கு வேறு வேலை தேட வேண்டும். ஊரிலே ஜவுளிக்கடை இருக்கிறது, இனிப்புக் கடை இருக்கிறது, பாத்திரப் பட்டறை இருக்கிறது. வீட்டிலிருந்தே சேலையும் பொடியும் கைப்பேசி வழியாக விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களின் சரக்கை நல்ல விளக்கிலே நல்ல படமாக எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்கு ஆடியும் இல்லை, அமாவாசையும் இல்லை. பள்ளிகளின் குழுப்படம் இருக்கிறது. பூச்சி அரித்த பழைய படங்களைப் புதுப்பிக்கும் பணி இருக்கிறது. எல்லோர் கையிலும் காமிரா வந்துவிட்ட காலத்தில், பொத்தானை அழுத்துவதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். விளக்கு வைக்கத் தெரிந்த கண்ணுக்கும், சொன்ன நாளில் ஆல்பம் கொடுக்கும் நாணயத்துக்கும் தருவார்கள்.

நாணயம் என்றதும் இன்னொன்று. திருமணத்துக்கு ஒப்புக்கொள்ளும்போதே பாதிப் பணம், திருமண நாளில் கால் பங்கு, ஆல்பம் தரும்போது மீதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கு என்றோம். "பெரிய மனுஷங்ககிட்ட எப்படி அண்ணே கேட்கிறது?" என்று தயங்கினான். கேட்காததால்தான் அவன் முன்பு வேலை பார்த்த கடையில், பணம் வராத ஆல்பங்கள் அலமாரி நிறையக் கிடக்கின்றனவாம். இதை எழுதும்போது நமக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது; ஆனாலும் எழுதுகிறோம். பொதுக்கூட்டத்துக்குப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போகும் பிரமுகர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். நம் தோழர்களும் விலக்கல்ல. உழைப்பவனுக்கு உரிய கூலி என்று மேடையில் பேசுகிறோம். அந்தப் பேச்சைப் படம் பிடித்தவனின் கூலியைப் பாக்கி வைத்துவிட்டா பேசுவது? இதைப் படிக்கும் தோழர்கள், பாக்கி இருந்தால் இன்றே தீர்க்கட்டும்.

சட்ட வழிகளையும் சொல்லிவிடுவோம். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவு, இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்வது. அதற்குப் பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடு. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போ. எட்டாம் வகுப்புத் தேறியவருக்கும் கதவு திறக்கும் வகையில், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு வகுத்தது. அதில் 25 விழுக்காடு மானியம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில் முனைய, 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் தொடங்கிய திட்டத்திலே 35 விழுக்காடு மானியமும், வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் வைத்தார்கள். ஆனால், மானியம் கைச்செலவுக்கு வரும் பணமல்ல. கடன் கணக்கிலே கழியும் பணம். அதை எண்ணித் திறப்பு விழா நடத்தாதே. விண்ணப்பத்தைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கு. மறுத்தால் காரணத்தை எழுத்திலே கேள். எழுத்தில் தர மறுத்தால் மண்டல அலுவலகம் இருக்கிறது. அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு மாடிக் கடைக்கா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இந்த நாட்டிலே காமிரா முதலில் யார் கையில் இருந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். 1856இல் சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் 1858இல் தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தார். ஆள்பவனின் கண் வழியாக ஆளப்படும் நாட்டைப் பார்த்தது அந்தக் காமிரா. பிறகு மன்னர்கள், ஜமீன்தார்கள், மிராசுகள் அதன்முன் அமர்ந்தார்கள். பின்னர்தான் ஊருக்கு ஊர் ஸ்டூடியோ வந்தது. வாழ்நாளெல்லாம் பண்ணையார் எதிரில் உட்கார்ந்தே அறியாத உழவன், அங்கே கைவைத்த நாற்காலியில் அமர்ந்தான். கடைக்காரர் கொடுத்த கோட்டை மாட்டி, பக்கத்திலே மனைவியை நிறுத்தி, நேராகப் பார்த்தான். கட்டணம் கொடுத்தவன் எவனாயினும் நாற்காலி ஒன்றுதான்! அந்தப் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடித் திரட்டிக் காத்திருப்பது, அவை வெறும் தாளல்ல, ஒரு மக்களின் வரலாறு என்பதால்தான்.

காமிராவின் முன்னால் அமரும் உரிமை அன்று கிடைத்தது. காமிராவின் பின்னால் கூலிக்கு நிற்கும் இடமும் பிறகு கிடைத்தது. கடையின் பெயர்ப்பலகையிலே தன் பெயரை எழுதிக்கொள்ளும் நிலை, நம் தம்பிக்கு இன்னும் கிடைக்கவில்லை. கேட்பது 5 லட்சம். தானம் அல்ல, வட்டியோடு திரும்பி வரும் கடன்.

சென்ற வாரம் திருத்திய தாளோடு, கொட்டேஷன்களோடு, எட்டாண்டு நாட்குறிப்போடு, அதே வங்கிக்குப் போனான். விண்ணப்பத்தைக் கொடுத்தான். ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டான். இம்முறை, பட்டா எங்கே என்று கேட்கவில்லையாம். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்களாம்.

பாருங்கள், மேலாளர் அவர்களே! நன்றாகப் பாருங்கள்! அந்தத் தாளிலே கண்ணாடி முகப்பு இல்லை, திறப்பு விழா இல்லை. ஆடி மாதம் இருக்கிறது, காமிராவின் சாவு இருக்கிறது, அக்காளின் கழுத்து நகை பத்திரமாக இருக்கிறது. இதைவிட நல்ல பிணையை எந்தப் பட்டா தரும்?

தை பிறக்கும்வரை நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.